சைலன்சர் மாற்றினால் பிக்கப் ஏறுமா? பதினான்கு மாதமும் ஒரு உடைந்த வெல்டிங்கும்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் காருக்கு அடியில் 'டணார்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவு வருவதற்குள் தார் ரோட்டில் இரும்பு உரசும் ஓசை. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால், சைலன்சர் குழாய் முன்பக்க ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு மாட்டும் தட்டை) விட்டுப் பிரிந்து, பின்னால் இருக்கும் ஹேங்கர் ரப்பரில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. டிக்கியில் கிடந்த கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, இரண்டாவது கியரிலேயே அடிவாரம் வரை வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலமே அக்கா மகன் ஃபோன் பண்ணினான். செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார் எடுத்திருக்கிறான். "மாமா, உங்க வண்டியில இருக்கிற மாதிரியே நானும் சைலன்சர் போடலாம்னு இருக்கேன். எத்தனை பிஎச்பி ஏறும்?" இருந்த கோபத்தில், "ஒண்ணும் ஏறாது, போடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் சரிதான். ஆனால் காரணம் சொல்லாமல் சொன்ன பதிலை இருபத்து மூன்று வயதுப் பையன் எப்படி ஏற்பான்? அதனால் அவனுக்காகவும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் முழுசாக எழுதிவிடுகிறேன்.

என் வண்டி 2021 ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதில் கடைசிப் பதினான்கு மாதத்தில் ஓடிய பத்தொன்பதாயிரம் இந்தச் சைலன்சரோடு. நான் மாற்றியது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள நடுக்குழாயும் கடைசிப் பெட்டியும் மட்டும். கன்வெர்ட்டரைத் தொடவில்லை. குழாய்க்கு 32,000 ரூபாய், மாட்டுவதற்கு 3,000.

நான் முதலில் விசாரித்த கடையில் "ஹெடரோட சேர்த்து ஃபுல் சிஸ்டமா போட்டுடலாம் சார், பதினஞ்சு குதிரை ஏறும்" என்றார்கள். ஹெடர் என்பது சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் குழாய்த் தொகுப்பு. இந்த இன்ஜினில் அப்படித் தனியாக ஒன்று கிடையாது. அந்த வேலையைச் செய்யும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. டர்போ நேராக ஹெட்டில் போய் உட்கார்கிறது. இல்லாத பாகத்துக்கு விலை சொன்னவர்கள் பதினைந்து குதிரைக்கு எங்கே கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். ஆனால் சத்தத்தின் மேல் இருந்த ஆசை எழுந்து வரவில்லை. வேறொரு கடையில் வாங்கினேன்.

இப்போது அவன் கேட்ட கேள்வி. டர்போ இல்லாத இன்ஜினில் நல்ல ஹெடர் போட்டால் பலன் உண்டு. ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகம் அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து இழுக்கும்படி குழாய் நீளங்களை அமைக்க முடியும். டர்போ வண்டியில் அந்தக் கணக்கு செல்லாது. புகை போகும் வழியில் நடுவில் ஒரு டர்பைன், அதாவது புகை சுழற்றும் சக்கரம், உட்கார்ந்திருக்கிறது. அது சுழன்றால்தான் இன்ஜினுக்குள் கூடுதல் காற்று போகும். அதற்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், பின்னால் எவ்வளவு அழுத்தம் என்ற வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. பின்னால் அடைப்பு குறைந்தால் டர்பைன் சீக்கிரம் சுழலும், காலை அழுத்தியதற்கும் இழுவை வருவதற்கும் உள்ள தாமதம், அதாவது டர்போ லேக், குறையும். இதுவரைக்கும் கடைக்காரர் சொல்வது சரி.

ஆனால் அந்த அடைப்பு எங்கே இருக்கிறது? டர்போவை ஒட்டிக் கீழே இறங்கும் குழாயான டவுன்பைப்பிலும் அதோடு சேர்ந்த கன்வெர்ட்டரிலும்தான். புகை அங்கேதான் அதிகச் சூட்டோடு, அதிகம் விரிந்து, முட்டி மோதிக்கொண்டு போகிறது. வண்டியின் பின்பக்கம் வந்து சேர்வதற்குள் ஆறிச் சுருங்கிவிடும். கடைசிப் பெட்டி அதைத் தடுப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தை எடுப்பதற்குத்தான் நான் 35,000 கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு இதை யாரும் முதலிலேயே சொல்லவில்லை என்பதுதான் ஆதங்கம். இந்த வண்டியில் எவ்வளவு இழுவை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர். 175 நியூட்டன் மீட்டர் என்று அதில் எழுதியிருந்தால் 175தான். குழாயை அகலப்படுத்தி டர்போ சுலபமாகச் சுழன்றால், கம்ப்யூட்டர் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, மிச்சப் புகையை டர்பைனைச் சுற்றி வெளியே அனுப்பிவிடும். நாம் திறந்துவிட்டதை அது மூடவில்லை. அதற்குத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுகிறது. ரீமேப் செய்து, அதாவது ஈசியூவின் மென்பொருளை மாற்றி, அந்த இலக்கை உயர்த்தினால்தான் குழாய்க்கு வேலை. அப்போதும் முதல் லாபம் ரீமேப்பிலிருந்து வரும். குழாயின் பங்கு அதற்குப் பின்னால்தான்.

இதை நான் அளந்தே பார்த்தேன். கம்பெனியிலிருந்து வந்த ஸ்டாக் சைலன்சரைக் கழற்றுவதற்கு முந்தின ஞாயிறு, விடியற்காலை, ஓமலூர் பக்கம் ஆளில்லாத நேரான ரோடு. மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது வரை, போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை. இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி ஃபோனில் பதிவு. புதுசு மாட்டியபின் அதே இடம், அதே நேரம், டேங்கில் அதே அளவு பெட்ரோல். இரண்டுக்கும் சராசரி வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே சைலன்சரில் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இருந்த வித்தியாசமே அதைவிட அதிகம். டர்போ அழுத்தமும் இரண்டு முறையும் ஒரே எண்ணில் போய்த்தான் நின்றது.

அப்படியானால் முதல் நாள் ஏற்காடு ஏறியபோது வண்டி பறந்தது போல் இருந்ததே? அதற்கும் விடை பின்னால்தான் கிடைத்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி பதினைந்தாவது வளைவுக்கு மேல் மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ வண்டி, குறைந்த காற்றைக் கூடுதலாகச் சுழன்று ஈடு செய்துகொள்ளும். அந்தக் குணம் வாங்கிய நாளிலிருந்தே வண்டியில் இருந்தது. சத்தம் கூடியதும் அதைச் சைலன்சரின் கணக்கில் எழுதிவிட்டேன். காது கேட்டதைக் கால் நம்பிவிட்டது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பதினான்கு மாதமும் என்னை அரித்த விஷயம் ஒன்றே ஒன்று, 2,400 ஆர்பிஎம்.

மூன்று சிலிண்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 2,400 சுற்றில் நிமிடத்துக்கு 3,600 வெடிப்பு, வினாடிக்கு அறுபது. அந்த அறுபது காதில் சத்தமாகக் கேட்காது, நெஞ்சுக்கூட்டில் உட்காரும். கண்ணாடியை ஏற்றினால் இன்னும் மோசம், காருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். 2,200க்குக் கீழே இல்லை, 2,600க்கு மேலே இல்லை. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் நிம்மதியாகப் போகும் வேகம் சரியாக அதற்குள்ளேதான் விழுகிறது. மாதம் இருமுறை பெங்களூர் போகிறவன் நான். தருமபுரி தாண்டுவதற்குள் ஒன்று ஐந்தாவது கியருக்கு இறக்குவேன், இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து லாரிக்குப் பின்னால் போவேன். என் வண்டியை நான் எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று ஒரு குழாய் முடிவு செய்தது.

அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போன நாள் மறக்காது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். "என்னப்பா இது, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு, தலை கனக்குது" என்றார். அதன் பிறகு அம்மா என் காரில் ஏறவில்லை, தம்பி காரில்தான் போகிறார். இந்த ஒன்றுக்காகவே அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை, அது என் தப்பு.

சரி செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். ஒரு முனை மூடிய கிளைக்குழாய் வைத்தால் அந்த ஒரு அதிர்வைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் வினாடிக்கு அறுபது என்றால், புகையின் சூட்டில் ஒலி போகும் வேகத்துக்கு, அந்தக் குழாய் இரண்டு மீட்டர் நீளம் வேண்டும். போலோவின் அடியில் அதற்கு எங்கே இடம்? போதாததற்கு, ஒன்பதாவது மாதத்துக்கு மேல் பெட்டிக்குள் சத்தத்தை உறிஞ்ச வைத்திருந்த கண்ணாடி நார் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து காலியாக, இரைச்சல் மாதா மாதம் கூடியது.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. மலையில் அந்தச் சத்தம் அருமை. காலை ஆறரை மணி, கண்ணாடி இறக்கி, இரண்டாவது கியரில் மூவாயிரத்துக்கு மேல் ஏறும்போது மூன்று சிலிண்டரின் அந்த ஒற்றைப்படைத் தாளம் பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். வளைவுக்கு முன் காலை எடுத்தால் டர்போ விடும் பெருமூச்சு தனியாகக் கேட்கும். இத்தனை வருஷம் ஓட்டிய வண்டிக்குள் இப்படி ஒரு குரல் இருந்ததா என்று முதல் நாள் மேலே நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். காப்பி பூத்திருந்த வாரம் அது. அந்த வாசனையும் அந்தச் சத்தமும் எனக்குள் ஒன்றாகவே பதிந்துவிட்டன.

ஆனால் மேலே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள், "நீங்க ஒம்பதாவது வளைவுல வர்றப்பவே இங்க தெரிஞ்சிடுது சார்" என்றார். முதலில் பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை அவர் சொன்னபோது முகத்தைப் பார்த்தேன், அவர் பாராட்டவில்லை. அந்த மலையில் ஆள் இருக்கிறார்கள், குழந்தைகள் தூங்குகிறார்கள், காட்டெருமை ரோட்டைக் கடக்கிறது. சட்டமும் சும்மா இல்லை: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் சத்தத்துக்கும் புகைக்கும் சேர்த்து 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு வெறும் குழாய் போடுகிறவர்களுக்கு அதோடு செக் இன்ஜின் விளக்கும் எரியும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் காட்டிக் கொடுத்துவிடும். அக்கா மகன் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் உடைந்த இடம். சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஆர்கான் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் குழாயை மேசையில் வைத்தார், விரிசலைத் துடைத்தார், பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். குழாயில் வைத்தார், ஒட்டவில்லை. ஃபிளாஞ்சில் வைத்தார், 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. உருக்காலை ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பாட்டி எவர்சில்வர் குடம் வாங்கும்போதே செய்த சோதனை. முழுவதும் 304 ரக ஸ்டெயின்லெஸ் என்று எனக்கு விற்றார்கள். குழாய் 304தான், ஃபிளாஞ்ச் சாதா இரும்பு.

"இரும்பு போட்டதுகூடப் பரவால்ல தம்பி. ரெண்டும் சூட்டுல ஒரே மாதிரி விரியாது. 309 ஸ்டெயின்லெஸ் கம்பி வெச்சு வெல்டிங் ஊதியிருக்கணும். இவங்க என்னத்த வெச்சாங்களோ" என்று விரிசலின் ஓரத்தைக் காட்டினார். நகக்கண் அகலத்துக்குப் பழுப்புத் துரு, அதற்கு உள்ளே புதிதாக உடைந்த வெள்ளை. பாதி வெல்டிங் மாதக்கணக்கில் விட்டுப்போயே இருந்திருக்கிறது, மீதிப் பாதிதான் அன்று விட்டது. இருபது வளைவுள்ள மலையில் அதை நம்பி நான் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். பவர் ஏறாதது என் அறியாமை என்று விட்டுவிடலாம். ஃபிளாஞ்சில் ஏமாற்றியதை விட முடியாது.

1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு புது 304 ஃபிளாஞ்ச் வைத்து, தையல் போட்டது போல் அழகாக ஊதிக் கொடுத்தார். "மாட்டிடவா?" என்றார். ஸ்டாக் சைலன்சர் டிக்கியில் இருந்தது. அதை மாட்டச் சொன்னேன். திரும்பும்போது கோரிமேடு வரை வண்டி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. 2,400இல் ஒன்றும் இல்லை, வெறும் டயர் சத்தம். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.

ஆகவே மாப்பிள்ளை, போடாதே. அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர் போடு, ஈரமான மலை ரோட்டில் நீ கேட்கிற பிக்கப்பைவிட அதுதான் உன்னைக் காப்பாற்றும். ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்று. வாரண்டி முடிந்து, இரண்டு வருஷம் ஓட்டிப் பழகி, அப்போதும் இழுவை போதவில்லை என்றால் ரீமேப் பற்றிப் பேசலாம். நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரத்துக்கு வா. ஓபிடி கருவி என்னிடம் இருக்கிறது, ஸ்டாக் சைலன்சரோடு மேலே ஏறிக் காட்டுகிறேன். ஃபோனைப் பிடித்துக்கொண்டு எண்களை நீயே பார்.