போட்டின் குதியாட்டம் அடங்கியது: டிரிம் டேப்போடு சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 20 அடி ஃபைபர் போட். அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவம், பின்னால் 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட், அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின். ஊர் பாகான் டத்தோ. செம்பனையும் தென்னையும் சூழ்ந்த தோட்டத்து ஊர்தான், ஆனால் பேராக் ஆறு கடலில் சேருமிடமும் இதுவே. ஆலை வேலை இல்லாத நாள்களில் புலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் தூண்டில் போடப் போவேன். போட்டைப் பழையதாகத்தான் வாங்கினேன். அதன் குதியாட்டத்தைக் கடைசியில் அடக்கியது டிரிம் டேப், அதாவது பின்பலகையின் அடியில் இருபுறமும் மாட்டி, ஏற்றி இறக்குகிற தகடுகள்.

முழு வேகத்தில் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வரை போகக்கூடிய போட் இது. ஆனால் 25 நாட்டைத் தாண்டியதும் மூக்கு மேலே எழும்பும், தொப்பென்று விழும், மறுபடி எழும்பும். கையை எடுக்காமல் அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு எழும்பலும் முன்னதைவிடப் பெரிதாகும். இதைத்தான் போர்பாய்சிங் என்கிறார்கள். கூட வருகிற பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, அலை தூக்குது" என்பான். விடியற்காலையில் ஆறு கண்ணாடி மாதிரி கிடக்கும்போதும் குதித்தால் அதில் அலைக்கு என்ன வேலை? அலையே இல்லாத தண்ணீரில், ஒரே வேகத்தில், ஒரே தாளத்தில் குதிக்கிறதா என்று பாருங்கள். குதித்தால் கோளாறு போட்டில்தான் இருக்கிறது. இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடினால் அது வேறு வியாதி, வைத்தியமும் வேறு.

ஏன் குதிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கடைக்குப் போவதற்கு முன்பே பாதிச் செலவு மிச்சம். வேகம் பிடித்த போட்டில் அடிப்பாகத்தின் பின்பகுதி மட்டும்தான் தண்ணீரைத் தொடுகிறது. மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் தொடும் பகுதி இன்னும் சுருங்கி, தண்ணீர் தரும் தாங்கல் முழுக்கப் பின்கோடிக்குப் போய்விடும். எடையோ அதற்கு முன்னால் இருக்கிறது. அதனால் மூக்கு விழுகிறது. விழுந்ததும் நனையும் பகுதி நீளுகிறது, தாங்கல் முன்னால் வந்து மூக்கைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. இந்தச் சுற்று நிற்காமல் நடப்பதுதான் குதியாட்டம். 1952-இல் டே, ஹாக் என்ற இருவர் சிறிய மாதிரிப் படகுகளைத் தொட்டியில் இழுத்து, மூக்கு எந்தக் கோணத்தைத் தாண்டித் தூக்கினால் ஆட்டம் தொடங்குகிறது என்று அளந்தார்கள். டேனியல் சாவிட்ஸ்கி 1964-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலும் அந்த அளவுகள் உண்டு. அவற்றிலிருந்து நமக்கு வேண்டியது இதுதான்: அந்தக் குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே மூக்கை வைத்திருந்தால் போட் குதிக்காது. அடிப்பாகத்தின் 'வி' ஆழமாக இருந்தால் அந்த எல்லை இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆகவே காசு செலவில்லாத வேலைகளை முதலில் செய்தேன். எஞ்சின் டிரிம்மை, அதாவது எஞ்சின் சாய்ந்து நிற்கும் கோணத்தை, கீழே அழுத்திப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் அடங்கியது, முழுதாக நிற்கவில்லை. போட்டைத் தூக்கி, ஒன்றரை மீட்டர் நேரான அலுமினியச் சட்டத்தை அடிப்பாகத்தின் பின்பகுதியில், நீளவாக்கில் வைத்துப் பார்த்தோம். சட்டத்தின் நடுவில் இடைவெளி தெரிந்தால் அடிப்பாகம் உள்ளே குழிந்திருக்கிறது, அது மூக்கைக் கீழே அழுத்தும். முனைகளில் இடைவெளி தெரிந்தால் வெளியே புடைத்திருக்கிறது, குதிப்பதற்கு அதுவே போதும். புடைப்பு இருக்கும் போட்டில் என்ன பொருத்தினாலும் ஒட்டுப்போட்ட கதைதான். முதலில் ஃபைபர் வேலை செய்து சமப்படுத்த வேண்டும். என்னுடையது நேராக இருந்தது.

அப்புறம் எடை. இங்கேதான் எனக்குப் பெரிய பலன் கிடைத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் போட்ட போட் இது. இந்த அளவு ஃபோர் ஸ்ட்ரோக் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அதோடு இரண்டு பேட்டரி, எண்ணெய்த் தொட்டி, ஐஸ் பெட்டி எல்லாமே பின்னால். பின்சீட்டில் நாலு குலை செம்பனையைக் கட்டிய மோட்டார் சைக்கிள் மாதிரி மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேட்டரியும் சேர்ந்து 50 கிலோ. அவற்றை மூன்றரை மீட்டர் முன்னால், மூக்குப் பக்கப் பெட்டிக்குள் கொண்டுபோனோம். ஆளும் எண்ணெயும் சேர்த்து போட்டின் எடை 1,250 கிலோ என்று வைத்துக்கொண்டால், எடைமையம் 14 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும். இந்த நீளப் போட்டுக்கு அது சின்ன மாற்றம் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேபிள் நீளுவதால் தடிமனான கேபிள் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் போதிய மின்சாரம் போகாது. எண்ணெயும் லேசானதல்ல, 100 லிட்டர் பெட்ரோல் 74 கிலோ வரும். தொட்டி பின்னால் இருக்கிற போட்டில் நிரம்பிய தொட்டியோடு கிளம்பும்போது ஆட்டம் கூடுதலாக இருப்பது இதனால்தான். பழைய போட்டாக இருந்தால் தரைக்கடியில் இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எடை மாற்றிய பிறகு குதிப்பு தொடங்கும் வேகம் 25-இலிருந்து 31 நாட்டுக்குத் தள்ளிப்போனது. மீதியை அடக்கத்தான் கடைப் பொருள்களைத் தேடிப் போனேன்.

முதலில், எஞ்சினின் கேவிட்டேஷன் பிளேட்டில் (புரோப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு) மாட்டுகிற பிளாஸ்டிக் இறக்கை. விலை மலிவு, ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். நடுவேகத்தில் நன்றாகவே வேலை செய்தது, பாரத்தோடு கிளம்பும்போது போட் சீக்கிரம் மேலே ஏறியது. ஆனால் 35 நாட்டுக்கு மேல் அது தண்ணீருக்குள் இருக்கும்போது பின்புறத்தை அளவுக்கு மீறித் தூக்கி மூக்கை அமுக்குகிறது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. அந்த இழுப்பு ஆபத்தானது. கழற்றிவிட்டேன். மெதுவான மீன்பிடிப் போட்டுக்கு அது போதும், வேகப் போட்டுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

எஞ்சினுக்கும் பின்பலகைக்கும் நடுவில் மாட்டும் ஜாக் பிளேட் என்ற தாங்கியைப் போடச் சொல்பவர்களும் உண்டு. எஞ்சினின் உயரத்தைச் சரிசெய்ய அது அருமையான பொருள். ஆனால் எஞ்சினைப் பின்னால் தள்ளுகிறது. 220 கிலோ எஞ்சினை 25 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் எடைமையம் நாலு சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கும். குதிக்கிற போட்டுக்கு இது எதிர்த்திசை.

புரோப்பெல்லரில் மூன்று இலையிலிருந்து நான்கு இலைக்கு மாறினேன். மூக்கைத் தூக்கும் வகையை விட்டுப் பின்புறத்தைத் தூக்கும் வகை. உச்ச வேகத்தில் இரண்டு நாட் போனது, எனக்கு அதில் வருத்தமில்லை. திருப்பத்தில் பிடிப்பு கூடியது.

கடைசியாக மின்சார டிரிம் டேப். போட்டின் ஓர் அடி நீளத்துக்கு ஒரு பக்கத்தில் ஓர் அங்குல அகலம் என்பது பொதுக்கணக்கு. பின்பலகையில் இடம் பார்த்து 18-க்கு 9 அங்குலத் தகடுகள் போட்டோம். ஜெட்டிப் பக்கத்துத் தவுக்கேயின் கூலியோடு 3,000 வெள்ளியைத் தாண்டியது. கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. குதிப்பு தொடங்கும் வேகத்தில் பொத்தானை இலேசாக ஒரு தட்டு, ஆட்டம் நின்றுவிடுகிறது. 38 நாட்டில் என் மனைவி இப்போது பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுகிறாள். முன்பெல்லாம் முதுகுவலிக்குப் பயந்து அவள் ஏறவே மாட்டாள். ஆட்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து போட் சாய்ந்தாலும் ஒரு தகட்டை மட்டும் இறக்கிச் சமன்செய்யலாம்.

டேப்பை அதிகமாக இறக்கக் கூடாது. மூக்கு தண்ணீரைக் குத்தி, போட் திடீரென்று திரும்பிவிடும். ஆற்று முகத்தில் மணல்திட்டுக்கு மேலே பின்னாலிருந்து அலை தள்ளும்போது நான் இரண்டு தகட்டையும் முழுக்க ஏற்றிவிட்டு வேகத்தைக் குறைத்துத்தான் உள்ளே வருவேன். எஞ்சினை நிறுத்தும் சாவிக்கயிறு எப்போதும் இடுப்பில் இருக்கும். டேப் இருக்கிறதே என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

இத்தனை நாளில் டேப்பில் வந்த தொல்லை ஒன்றுதான். போட்டைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டால் சேறும் சிப்பியும் கீல்களில் ஏறி, தகடு பாதி வழியில் நிற்கிறது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தகட்டை முழுக்க மேலே ஏற்றி வைத்தால் அந்தத் தொல்லையும் குறைவு. மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தானே கரைகிற துத்தநாகக் கட்டியை மட்டும் கரையக் கரைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஆற்று முகத்து உப்புத்தண்ணீரில் அது சீக்கிரமே தேய்கிறது.