சாவிக்கொத்து பிரீத் அனலைசர்: வாங்கலாமா?

மூச்சை ஊதினால் ரத்தத்தில் உள்ள மது அளவைக் காட்டும் கருவி இது. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் செமிகண்டக்டர் சென்சார்தான். மது இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவர் (அசிட்டோன்) ஆவிக்கும் அது எண்ணைக் காட்டும். ஃபியூயல் செல் சென்சார் விலை பல மடங்கு. வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். அதையும் அவ்வப்போது காலிபரேட் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்யாவிட்டால் அளவு விலகிவிடும்.

கடைசி மடக்குக்குப் பின் 15 நிமிடமாவது பொறுத்து ஊதுங்கள். இல்லையென்றால் வாயில் தங்கிய மதுவைத்தான் அளக்கும். அரைகுறையாக ஊதினால் எண் குறைவாக வரும்.

அலகைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.; திரையில் அது 0.03 சதவீதம். மீறி முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பெரிய குறை, அந்த நிமிடத்து அளவை மட்டுமே அது சொல்லும். குடித்து முடித்த பிறகும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டிருக்கும். பாரில் 0.02 காட்டியது அரை மணி கழித்து செக்போஸ்ட்டில் 0.04 ஆகலாம். ஆகவே கிளம்பும்போது ஊதிப் பார்த்து நம்பவே கூடாது.

உண்மையில் உதவுவது மறுநாள் காலையில்தான். உடம்பு 100 மி.லி. ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மி.கி. மதுவைத்தான் குறைக்கும், மோரும் எலுமிச்சையும் (எத்தனை டம்ளர் ஆனாலும்) வேகப்படுத்தாது. நள்ளிரவில் 150 மி.கி. இருந்தால் காலை 7 மணிக்கும் 45 மி.கி. இருக்கும்.