கேம் எஞ்சினும் வெண்டர் ஃபோல்டரும்: ஐந்தாண்டு அனுபவம்

2020 ஊரடங்கின்போது புதுச்சேரி ரெயின்போ நகர் வீட்டில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய இருபரிமாண கேம் எஞ்சினை, அதாவது விளையாட்டுகளை இயக்கும் அடித்தள மென்பொருளை, இன்றும் பயன்படுத்தி வருகிறேன். அதில் நான் எழுதியது சுமார் 9,000 வரி சி++ மட்டுமே. திரையையும் விசைகளையும் கையாளும் எஸ்டிஎல் 2, ஸ்கிரிப்ட் மொழியான லுவா 5.4, பொருள்களின் அசைவையும் மோதலையும் கணக்கிடும் பாக்ஸ்2டி, எழுத்து வடிவங்களை வரையும் ஃப்ரீடைப், தரவைச் சுருக்கும் இசட்லிப் ஆகிய, பிறர் எழுதிப் பொதுவில் வைத்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளே அதைத் தாங்குகின்றன. இவற்றை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு வாங்காமல், ஒவ்வொன்றின் மூலநிரலையும் குறிப்பிட்ட ஒரு பதிப்பில் நிறுத்தி, 'வெண்டர்' என்ற ஃபோல்டரில் என் நிரலுடனேயே வைத்துக்கொண்டேன்.

அதன் அருமை 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் தெரிந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதில் தெருவெல்லாம் வெள்ளம். மின்சாரம் திரும்பிய பிறகும் இணையம் வரவில்லை. எஞ்சினைப் பென் டிரைவிலிருந்து அக்காள் மகனின் பழைய மடிக்கணினிக்கு மாற்றி, மூலநிரலை இயங்கும் மென்பொருளாக்கும் கம்பைலரும், அந்த வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக்கும் மட்டும் கொண்டு கம்பைல் செய்தபோது, "நெட்டே இல்லாம எப்படி மாமா வந்துச்சு?" என்றான்.

ஆனால் உடன் வைத்துக்கொண்டதைப் பராமரிப்பதும் நம் தலையில்தான் விழும். இசட்லிப் 1.2.11-இல், சில வகைத் தரவுகளைச் சுருக்கும்போது நினைவகம் சிதையக்கூடிய பிழை ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் வெளியான 1.2.12 அதைச் சரிசெய்தது. என் லினக்ஸ் தன் பிரதியைத் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. வெண்டர் ஃபோல்டரில் இருந்த பிரதியோ, நான் கவனிக்கும்வரை ஏறக்குறைய ஓராண்டு அப்படியே கிடந்தது. பாக்ஸ்2டியில் நானே செய்த ஒரு சிறு திருத்தத்தைக் குறித்துவைக்காமல் புதிய பதிப்பை அதன்மேல் கொட்டி, இரண்டு வார உழைப்பை இழந்ததும் உண்டு. இப்போது திருத்தங்களை, மாற்றிய வரிகளை மட்டும் பதிந்துவைக்கும் தனி பேட்ச் கோப்புகளாக வைத்திருக்கிறேன்.

மிகவும் அலைக்கழித்தது தமிழ் எழுத்துதான். இந்த எஞ்சினில் நான் செய்த விளையாட்டின் தலைப்பான 'கெடிலம்' திரையில் வந்தபோது, முதலில் ககரம் நின்றது, அதன் பின்னால் கொம்பு தனியே நின்றது; டகரத்தோடு சேராத விசிறியைப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யூனிகோடில் மெய்யெழுத்தின் குறியீடு முன்னும் கொம்பின் குறியீடு பின்னும் வரும். அவற்றை இடம் மாற்றி, சேர்த்து அடுக்குவது ஃப்ரீடைப்பின் வேலையன்று, ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு லைப்ரரியின் வேலை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதையும் ஃபோல்டருக்குள் சேர்த்தபின்தான் கெடிலம் ஒழுங்காக ஓடியது.

லைப்ரரிகளின் பயன்பாட்டு உரிமங்களில் எம்ஐடி, இசட்லிப் என்ற இரண்டும் தொல்லை தருவதில்லை. ஒலிக்காகச் சேர்த்த ஓப்பன்ஏஎல் சாஃப்ட் மட்டும் எல்ஜிபிஎல் என்ற சற்றுக் கண்டிப்பான உரிமத்தில் வருவதால், அந்த லைப்ரரியைப் பயனர் மாற்றிக்கொள்ள இடமளித்து, தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் எஸ்டிஎல் 3-இன் நிலையான பதிப்பு வந்துவிட்டது. அதற்கு மெல்ல மாறி வருகிறேன். பாக்ஸ்2டி 3.0-ஐ சி மொழியில் புதிதாக எழுதியிருப்பதால், மோதல் சார்ந்த என் நிரல் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே 2.4-இலேயே நிற்கிறேன்.