மீட்டரில் கிலோமீட்டர், என்ஜினில் மணி நேரம்: பெங்களூரு டீசல் வண்டிக்கு உண்மையில் என்ன வயது?

பெங்களூரில் பழைய டீசல் கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது "எண்பதாயிரம்தான் சார் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர்" என்பதுதான். அந்த எண்பதாயிரம் எங்கே ஓடியது என்று விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வந்த வண்டியும், வாராவாரம் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி சேலம் போய்வந்த வண்டியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம். ஆனால் இரண்டு என்ஜினும் உழைத்த நேரம் ஒன்றே அல்ல, விலையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். டாம்டாம் நிறுவனத்தின் 2023 போக்குவரத்து அறிக்கைப்படி பெங்களூரு மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 28 நிமிடம் 10 வினாடி ஆனது, அதாவது மணிக்குச் சுமார் 21 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்க என்ஜின் கிட்டத்தட்ட 4,700 மணி நேரம் ஓட வேண்டும். ஹைவேயில் சராசரி 65 என்று வைத்துக்கொண்டால் அதே ஒரு லட்சத்துக்கு 1,540 மணி நேரம் போதும். மூன்று மடங்கு வித்தியாசம்.

இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் சிட்டி வண்டி மூன்று மடங்கு தேய்ந்திருக்கும், மணி நேரம்தான் சரியான அளவு என்று தீர்ப்புச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதையும் நான் ஏற்க மாட்டேன். சிக்னலில் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சும்மா நிற்கும் ஒரு மணி நேரமும், கிருஷ்ணகிரி ரோட்டில் 2,000 ஆர்பிஎம்மில் ஐந்து பேரையும் லக்கேஜையும் இழுத்துப் போகும் ஒரு மணி நேரமும் எப்படிச் சமமாகும்? பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றிய சுற்றுகளை எண்ணினால், ஹைவே வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரில் சுமார் 18 கோடி சுற்று சுற்றியிருக்கும். சிட்டி வண்டிக்குச் சராசரி 1,300 ஆர்பிஎம் போட்டால் சுமார் 37 கோடி வரும். மூன்று மடங்கு என்றது இரண்டாகிவிட்டது. டீசலை எண்ணினால் இன்னும் குறையும். சிட்டியில் லிட்டருக்கு 12, ஹைவேயில் 18 கொடுக்கிற வண்டி என்றால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சிட்டி வண்டி குடித்தது 8,300 லிட்டர், ஹைவே வண்டி குடித்தது 5,550. ஒன்றரை மடங்குதான்.

என்னைக் கேட்டால் மூன்றில் இந்த லிட்டர் கணக்குதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. என்ஜினுக்குள் எவ்வளவு டீசல் எரிந்ததோ அவ்வளவு சூடும் அழுத்தமும் பிஸ்டன், ரிங், பேரிங் மேல் விழுந்திருக்கிறது. கேட்டர்பில்லர் மாதிரி பெரிய என்ஜின் செய்கிறவர்களும் ஓவர்ஹால் எப்போது என்பதற்கு, மணி நேரத்தோடு சேர்த்து மொத்தம் எரித்த எரிபொருளையும் கணக்கில் வைக்கிறார்கள். இந்தக் கணக்கில் 80,000 ஓடிய சில்க் போர்டு வண்டியும் 1,20,000 ஓடிய சேலம் வண்டியும் ஒரே அளவு டீசலைத்தான் எரித்திருக்கின்றன. இரண்டும் ஒரே விலைக்கு நின்றால் நான் சேலம் வண்டியைத்தான் எடுப்பேன், ஏனென்றால் லிட்டரில் சமமானாலும் அது எரித்த விதம் நல்ல விதம்.

டீசல் என்ஜின் நன்றாகச் சூடேறி, ஓரளவு லோடோடு ஓடும்போதுதான் சுத்தமாக எரிக்கும். வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் சிலிண்டர் சூடு குறைவு, டீசல் முழுசாக எரியாது, கரி இஜிஆர் வால்விலும் (புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி விடும் வால்வு) இன்டேக்கிலும் இன்ஜெக்டர் முனையிலும் படியும், கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலிலும் கலக்கும். அதனால்தான் ஐடிலிங்கைச் சும்மா நின்ற நேரம் என்று தள்ளிவிட முடியாது. ஃபோர்டு நிறுவனம் அமெரிக்கப் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐடிலிங்கை 33 மைலுக்கு, அதாவது சுமார் 53 கிலோமீட்டருக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. அவை பெட்ரோல் வண்டிகள், எண்ணை அப்படியே நம் டீசலுக்குப் பொருத்த வேண்டாம், ஆனால் கேடு ஓடோமீட்டரில் தெரியாது என்பது இரண்டுக்கும் பொது.

ஆயில் விஷயத்தில் மட்டும் நான் மணி நேரத்தின் பக்கம்தான். காருக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். நம் ஊர் வேகத்தில் அது 470 மணி நேரம், ஹைவேயில் 154. ஜெனரேட்டர், டிராக்டர் வகைகளில் ஆயில் மாற்ற வழக்கமாகச் சொல்வது 250 முதல் 500 மணி நேரம். அதாவது சிட்டி கார்க்காரர் தனக்குத் தெரியாமலே ஜெனரேட்டர் ஆயிலின் மேல்வரம்பு வரை இழுத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் டீசல் கலந்த, கரி ஏறிய ஆயிலை வைத்துக்கொண்டு. மேனுவலைப் பொறுமையாகப் படித்தால் கடினமான பயன்பாடு என்று தனி அட்டவணை இருக்கும், நின்று நின்று போகும் டிராஃபிக்கும் நீண்ட ஐடிலிங்கும் அதில்தான் வரும். பெங்களூருக்காரர்கள் எல்லோரும் அந்த அட்டவணைக்காரர்கள்தான். 6,000, 7,000-லேயே மாற்றிவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் என்றால் இன்னும் கவனம் தேவை. அதில் புகைக் குழாயில் இருக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைச் சேர்த்து வைத்து, போதுமான சூடு வந்ததும் எரித்துத் தீர்க்க வேண்டும். எட்டு கிலோமீட்டர் ஆபீஸ், எட்டு கிலோமீட்டர் வீடு என்று மட்டுமே ஓடினால் அந்தச் சூடு வருவதே இல்லை. எரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனால் அதற்காகக் கூடுதலாக விட்ட டீசல் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியே தெரியும். அப்படி ஏறியிருக்கும் வண்டியை வாங்காதீர்கள்.

சரி, மணி நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சில வண்டிகளில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே மொத்த ஓட்ட நேரத்தைச் சேமித்து வைக்கும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் படித்துச் சொல்வார். கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம் கிடைத்துவிடும். 20-க்குக் கீழே என்றால் டிராஃபிக்கிலேயே வளர்ந்த வண்டி, 40-க்கு மேல் என்றால் ஊர்ப்பக்கம் ஓடிய வண்டி. மீட்டரைத் திருப்பி வைத்திருந்தாலும் இங்கே சந்தேகம் தட்டும், மணி நேரத்தைத் திருத்த மறந்திருப்பார்கள். ஸ்கேனர் வசதி இல்லையென்றால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடானதும் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் வேலை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

லாரிப் பக்கம் போனால் கிலோமீட்டர் கணக்கு இன்னும் அபத்தமாகிறது. தண்ணீர் டேங்கர் நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டுத்தான் பம்ப் அடிக்கிறது. கான்கிரீட் மிக்சர் லாரியில் பல வண்டிகளுக்கு டிரம்மைச் சுற்றுவதே வண்டி என்ஜின்தான், சைட்டில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று மணி நேரமும் அது ஓடும், ஓடோமீட்டர் அசையாது. நம் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். வண்டி ஓட ஒரு என்ஜின், கம்ப்ரசருக்குத் தனி என்ஜின் என்றிருக்கும் ரிக்கில் முதலாவதைக் கிலோமீட்டரில் கேட்பார்கள், இரண்டாவதை ஹவரில் கேட்பார்கள். இரண்டாவதில்தான் பணம் இருக்கிறது, ஏனென்றால் அது நாள் முழுக்க ஃபுல் லோடில் ஓடுகிறது.

அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் இதற்கு நேர் எதிர். 1,500 ஆர்பிஎம்மில் ஒரே சீராக ஓடுவது, பராமரித்தால் ஓவர்ஹாலுக்கு முன் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டக்கூடியது. ஆகவே பன்னிரண்டு வருடத்தில் 1,200 மணி நேரமே ஓடியது என்று ஒரு செட் விற்பனைக்கு வந்தால் புதுசு மாதிரி என்று அசோசியேஷனில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அங்கே கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம் என்பதை அல்ல, எத்தனை சதவீத லோடில் என்பதை. 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் எரியாத டீசல் எக்சாஸ்டில் கறுப்பாகக் கசியும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் பளபளப்பாகி ரிங் பிடிக்காமல் போகும். வாராவாரம் லோடே இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை லிஃப்ட், பம்ப் எல்லாவற்றையும் அதன்மேல் போட்டு அரை மணி நேரமாவது நன்றாகச் சூடேற ஓட்டச் சொல்லுங்கள். பி செக் என்று சொல்லும் சர்வீஸில் வரும் ஆயில் மாற்றத்தை மணி நேரம் ஆகவில்லை என்று தள்ளிப்போடாமல் வருடத்துக்கு ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள், கூலன்ட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.