ரிசீவரை அணைத்துவிட்டு டிவி: பாஸ்-த்ரூவா, நேரடி இணைப்பா?

செய்தி கேட்க ஐந்து ஸ்பீக்கர் எதற்கு? ரிசீவரை (ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் பெட்டியை) எழுப்பாமல் டிவி பார்க்க இரண்டு வழி உண்டு. செட்-டாப் பாக்ஸை ரிசீவரில் செருகி, மெனுவில் ஸ்டாண்ட்பை பாஸ்-த்ரூவை (ரிசீவர் அணைந்திருந்தாலும் படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கடத்தும் வசதியை) இயக்கலாம். அல்லது பாக்ஸை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு அனுப்பலாம்.

கேபிள்
பாஸ்-த்ரூ: எல்லாம் ரிசீவரில், டிவிக்கு ஒரே கேபிள்.
நேரடி: டிவியின் போர்ட்டுகள் சீக்கிரம் தீரும்.

மின்சாரம்
பாஸ்-த்ரூ: ரிசீவர் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், வழக்கமான ஸ்டாண்ட்பையைவிடக் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். சுவர் சுவிட்சை அணைத்தால் படமும் போய்விடும். 'டிவி கெட்டுப்போச்சு' என்று வீட்டில் பதறுவது பெரும்பாலும் இதனால்தான்.
நேரடி: ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கினாலும் டிவி ஓடும்.

இன்புட் மாற்றுவது
பாஸ்-த்ரூ: பல மாடல்களில் கடைசியாகத் தேர்ந்த இன்புட் மட்டுமே வரும். கேம் ஆடிவிட்டு அணைத்தால் மறுநாள் காலை கறுப்புத் திரைதான்.
நேரடி: டிவி ரிமோட் போதும்.

ஒலி
இங்கே பாஸ்-த்ரூ முந்துகிறது. ரிசீவரை இயக்கியதும் பாக்ஸின் ஒலி டிவியைச் சுற்றி வராமல் நேரே வந்துசேரும். 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்த ஏஆர்சியில் டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பற்ற (சுருக்கினாலும் தரம் குறையாத) ஒலி போகாது. அதற்கு டிவி, ரிசீவர் இரண்டிலும் இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) வேண்டும்.

பெரியவர்களும் குழந்தைகளும் ஆளுக்கொரு நேரம் பார்க்கும் வீடா? சரி, நேரடி இணைப்பே நிம்மதி. ப்ளூ-ரே, கேம் என்று கருவிகள் குவிந்திருந்து, டிவியில் இஏஆர்சியும் இல்லையென்றால் பாஸ்-த்ரூ.