எக்ஸ் பெனடிக்ட்: பழைய தட்டும் புதிய தட்டும்

எக்ஸ் பெனடிக்ட் ஓர் அமெரிக்கக் காலை உணவு. வழக்கமான தட்டில் இங்கிலீஷ் மஃபின் என்னும் தட்டையான வட்ட ரொட்டி, பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சி, வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை, மேலே வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ் சாஸ். கத்தி பட்டதும் மஞ்சள் கரு வழிந்து மஃபினுக்குள் இறங்கும். அந்த நொடிக்காகவே இதைச் சாப்பிடலாம்.

நியூயார்க்கில் 2003 முதல் 2014 வரை இயங்கிய டபிள்யூடி-50 உணவகத்தில் சமையல் கலைஞர் வைலி டுஃப்ரேன் இதைக் கலைத்துப் போட்டார். சாஸைக் கெட்டியாக்கி, கட்டிகளாக நறுக்கி, மஃபின் தூளில் புரட்டிப் பொரித்தார்! வெளியே மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளே சூடான சாஸ் இளகி வழியும். பேக்கன் காகிதம்போல் மெல்லிய சில்லு. மஞ்சள் கரு மட்டும் மிதமான சூட்டில் வெந்து உருளையாக நிற்கும். வழியும் வேலையை முட்டையிடமிருந்து பறித்துச் சாஸிடம் கொடுத்துவிட்டார், குறும்புதான்.

வீட்டில் செய்ய நான் பழையதையே தேர்வேன். சாஸ் திரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு, அதைப் பொரிப்பதாவது!