புது ஊசி எண்டு தேய்ஞ்ச ஊசிய அனுப்பிட்டாங்கள், 14,500 ரூபா போச்சு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ரெக்கோட் பிளேயர் வச்சிருக்கிற ஆக்கள் இத வாசிச்சுப்போட்டு ஊசி வாங்குங்க.

பழைய ஓடியோ சாமான் விக்கிற ஒரு ஒன்லைன் பக்கத்தில ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ ஊசி, "சீல் உடைக்காதது" எண்டு கிடந்திச்சு. 14,500 ரூபா. பச்சைப் பிளாஸ்டிக், எலிப்டிகல் (நீள்வட்ட) முனை, ஊசி தட்ட அழுத்துற பாரம் 2 கிராம் எண்டு நான் கேக்க முதலே விக்கிறவர் எல்லாம் சரியாச் சொன்னார். முனையக் கிட்டத்தில எடுத்த படமும் வந்திச்சு. விசயம் தெரிஞ்ச ஆள் எண்டுதான் காசு போட்டது.

கூரியரில வந்ததும் பச்சைதான். லூப்பால (சின்னப் பூதக்கண்ணாடி) முன்பக்கமாப் பாத்தா, முனையத் தாங்குற அலுமினியக் குழாய் இடப்பக்கம் சாஞ்சு கிடக்கு. மைக்ரோஸ்கோப்பில முனையில இருக்கிற டயமண்டின்ட ரெண்டு பக்கமும் தட்டையாத் தேய்ஞ்சு மின்னுது. பாட்டில "ஸ" வாற இடமெல்லாம் சீறுது, தட்டின்ட உள்வட்டத்தில இன்னும் மோசம். வலப்பக்கச் சத்தமும் குறைவு.

கேட்டா, "தூசு அண்ணன், ஸ்பிரிட் ஊத்தித் துடையுங்க" எண்டார். ஊத்தினா அது குழாயால ஏறிப் பசையையும் ரப்பரையும் கெடுக்கும். காய்ஞ்ச பிரஷால பின்னாலயிருந்து முன்னால மட்டும் தட்டி, மெலமைன் ஸ்பொஞ்சுத் துண்டில ஊசிய நேர கீழ இறக்கித் தூக்கியாச்சு, இழுக்கவே இல்ல. அழுக்குப் போச்சு, சீறல் போகல்ல. தேய்ஞ்ச டயமண்டக் கழுவி வளக்கேலுமா?

அடுத்தது, "உங்கட அம்ப் (அம்ப்ளிஃபயர்) பிழை". அம்ப் பின்னால இடம், வலம் வயர மாத்திக் குத்தினா, சத்தம் குறைஞ்ச பக்கமும் மாறிட்டு. அப்ப அம்பில பிழை இல்ல. அதே கார்ட்ரிஜ்ஜில (ஊசி பூட்டுற தலை) என்ட பழைய ஊசியப் போட்டா ரெண்டு பக்கமும் சமன். வேற என்ன சாட்சி வேணும்?

கடைசியா, "3 கிராம் வையுங்க". இந்த ஊசிக்குப் பாரம் 1.8 இலயிருந்து 2.2 கிராம் வரைதான். 3 வச்சா குழாய் அமுங்கி, கார்ட்ரிஜ்ஜின்ட வயிறு தட்டில உரசவும் கூடும். 14,500 ரூபாயத் திருப்பிக் கேட்டதும் "வித்தா ரிட்டேன் இல்ல", பிறகு புளொக்.

வாங்கேக்க எப்பிடிப் பாக்கிற எண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், இப்ப இருக்கிற கோவத்தில இவ்வளவுதான். முன்பக்கமா எடுத்த படம் கேளுங்க, பக்கத்தில இண்டைய திகதி எழுதின துண்டோட. பிளாஸ்டிக் நிறத்த நம்பாதீங்க. முழுக்காசும் முன்னுக்குப் போடாதீங்க. சந்தேகமான ஊசிய நல்ல தட்டில வச்சுப் பாக்கவே வேணாம், பாட்டுப் பதிஞ்ச பள்ளத்த அரிச்சிரும்.